அமெரிக்கத் தூதர் ஒருத்தரோட கேரியரை எப்படிப் படிக்கிறது

ரிட்டயர் ஆன அமெரிக்கத் தூதர் யாராவது டிவில பேச வந்தா பேருக்குக் கீழ ஒரு வரி ஓடும், இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் முன்னாள் தூதர்னு, விக்கிபீடியால போய்ப் பாத்தா அதே வரி கொஞ்சம் நீளமா இருக்கும், வருஷம் நாடு வருஷம் நாடுன்னு. நாம அதைப் படிச்சுட்டு பெரிய ஆள்தான் போலன்னு மூடிட்டு வந்துருவோம். ஆனா அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிஞ்சா அதுல நிறைய விஷயம் வெளிய வரும், யாரு இவரை நம்புனாங்க, எப்போ ஓரங்கட்டப் பாத்தாங்க, எந்த வருஷத்துலதான் நிஜமான வேலை நடந்துச்சுன்னு எல்லாம். என்னைக் கேட்டா நாட்டுப் பேரை விட தேதியைத்தான் முதல்ல பாக்கணும்.

உதாரணத்துக்கு தாமஸ் பிக்கரிங்கை எடுத்துக்கறேன். 1931ல நியூ ஜெர்சில பொறந்தவர், பௌடின் காலேஜ், ஃப்ளெச்சர் ஸ்கூல், அப்புறம் ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்ல மெல்போர்ன், மூணு வருஷம் நேவி, 1959ல ஃபாரின் சர்வீஸ்ல, அதாவது அமெரிக்க வெளியுறவுப் பணியில சேர்ந்தார். தூதரா போன இடங்கள் ஜோர்டான் 1974, நைஜீரியா 1981, எல் சால்வடார் 1983, இஸ்ரேல் 1985, ஐ.நா. 1989, இந்தியா 1992, ரஷ்யா 1993. கடைசில 1997லருந்து 2000 வரைக்கும் வாஷிங்டன்ல ஸ்டேட் டிபார்ட்மெண்ட்ல, அதாவது வெளியுறவுத் துறைல, அரசியல் விவகாரங்களுக்கான அண்டர் செக்ரட்டரி. ஏழு தூதர் பதவி, இந்த மாதிரி பட்டியல் ரொம்பப் பேருக்கு கிடையாது, அதனாலதான் கத்துக்கறதுக்கு இது வசதி.

யாரு அனுப்புனாங்கன்னு பாருங்க

அமெரிக்கால தூதர்ல ரெண்டு வகை. ஒண்ணு ஃபாரின் சர்வீஸ் பரீட்சை எழுதி கீழருந்து ஏறி வந்த கேரியர் ஆளு, இன்னொண்ணு அதிபருக்கு நெருக்கமானவங்க, தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுத்தவங்க, முன்னாள் அரசியல்வாதிங்க. பல பத்து வருஷமா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இந்த ரெண்டாவது வகைக்குத்தான் போயிருக்கு, அதுலயும் லண்டன் பாரிஸ் ரோம் மாதிரி ஊருன்னா சொல்லவே வேணாம். 1991ல ரேமண்ட் சைட்ஸ் போனப்பதான் கேரியர் ஆளு ஒருத்தர் முதல் தடவையா லண்டனுக்குத் தூதரானார், நம்புவீங்களா. இதுல காமெடி என்னன்னா 1980 ஃபாரின் சர்வீஸ் சட்டத்துலயே தேர்தல் நன்கொடை தூதர் நியமனத்துக்கு ஒரு காரணமா இருக்கக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க, அதே சட்டத்துலதான் நியமிக்கப்படறவரும் அவர் குடும்பமும் முந்தின நாலு வருஷத்துல கொடுத்த நன்கொடைக் கணக்கை செனட்டுக்கு கொடுக்கணும்னும் இருக்கு. அந்தக் கணக்கு பொதுவுல கிடைக்கும், யாரைப் பத்தி படிச்சாலும் முதல்ல அதை ஒரு பார்வை பாத்துடுங்க. பூஜ்யம் பூஜ்யம்னு இருந்தா பெரும்பாலும் கேரியர் ஆளு.

அதுக்காக அரசியல் நியமனம்னாலே வெத்துன்னு முடிவு கட்டிடாதீங்க. மைக் மான்ஸ்ஃபீல்ட் செனட்ல பெரும்பான்மைத் தலைவரா இருந்தவர், 1977ல கார்ட்டர் அவரை டோக்கியோவுக்கு அனுப்புனார், எதிர்க்கட்சிக்காரரான ரீகன் வந்தும் மாத்தல, 1988 வரைக்கும் அங்கயே இருந்தார். கட்சி மாறியும் ஆளு மாறலைன்னா அங்க ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம்.

பிக்கரிங் பட்டியலை இப்போ அந்தக் கண்ணோட பாருங்க. ஜோர்டானுக்கு அனுப்புனது நிக்ஸன். நடுவுல 1978லருந்து கடல், சுற்றுச்சூழல், அறிவியல் விவகாரங்களுக்கு உதவிச் செயலாளர், அது கார்ட்டர் கொடுத்தது. நைஜீரியா, எல் சால்வடார், இஸ்ரேல் மூணும் ரீகன், ஐ.நா.வும் டெல்லியும் பெரிய புஷ், அதாவது அப்பா புஷ், மாஸ்கோவும் அண்டர் செக்ரட்டரியும் கிளிண்டன். அஞ்சு அதிபர், ரெண்டு கட்சி. அதிபர் மாறினா எல்லாத் தூதருமே சம்பிரதாயத்துக்கு ராஜினாமா கடிதம் கொடுக்கணும், அரசியல் ஆளுங்களோடத உடனே ஏத்துப்பாங்க, கேரியர் ஆளுங்களை வழக்கமா விட்டுருவாங்க. ஆனா விட்டுவெக்கிறது வேற, தேடிக் கூப்பிட்டு அதை விடப் பெரிய வேலை கொடுக்கிறது வேற. இவருக்கு நடந்தது ரெண்டாவது.

தேதியை ஒட்டி ஒட்டி வெச்சுப் படிங்க

ஸ்டேட் டிபார்ட்மெண்ட்ல வரலாற்று அலுவலகம்னு ஒண்ணு இருக்கு, ஆஃபிஸ் ஆஃப் தி ஹிஸ்டாரியன், அவங்க வெப்சைட்ல ஒவ்வொரு தூதருக்கும் மூணு தேதி இருக்கும், நியமிச்ச தேதி, நியமனப் பத்திரத்தை அந்த நாட்டுத் தலைவர்கிட்ட கொடுத்த தேதி, கிளம்பின தேதி. இந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் கதை. அதிபர் பேரை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே அந்த நாட்டோட சம்மதத்தை வாங்கணும், அப்புறம் செனட் வெளியுறவுக் கமிட்டில விசாரணை, ஓட்டு, பதவிப் பிரமாணம், அங்க போய் பத்திரம் கொடுத்தாதான் முழுத் தூதர். செனட்ல யாரோ ஒரு உறுப்பினர் வேற ஏதோ கோபத்துல முட்டுக்கட்டை போட்டாலே மாசக்கணக்குல நிக்கும். அதை காங்கிரஸ் வெப்சைட்ல நியமனம்ங்கற பகுதில பேரைப் போட்டுத் தேடுனா நாள்வாரியா கிடைக்கும்.

அடுத்தது, முன்னாடி அந்த நாற்காலில யாரு இருந்தாங்கன்னு கண்டிப்பா பாருங்க. எல் சால்வடாரையே எடுத்துக்கோங்க. 1980ல கார்ட்டர் காலத்துல அங்க தூதர் ராபர்ட் வைட், ராணுவத்தையும் கொலைப் படைகளையும் வெளிப்படையா விமர்சிச்சவர், ரீகன் பதவிக்கு வந்த கையோட 1981 ஆரம்பத்துலயே அவரைத் தூக்கிட்டாங்க, அதோட அவர் சர்வீஸே முடிஞ்சது. அப்புறம் டீன் ஹிண்டன் ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் 1983ல பிக்கரிங். உள்நாட்டுப் போர் நடுவுல போறார், அதே கொலைப் படைகள், அதே வலதுசாரிங்க, அந்த வருஷம் டிசம்பர்ல துணை அதிபர் புஷ்ஷே சான் சால்வடாருக்கு வந்து இதை நிறுத்துங்கன்னு ராணுவத் தளபதிங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போற அளவுக்கு நிலைமை. 1984ல பிக்கரிங்கைக் கொல்றதுக்கே சதின்னு தகவல் வந்து, ரீகனோட சிறப்புத் தூதர் வெர்னான் வால்டர்ஸை வாஷிங்டன் அனுப்பி தீவிர வலதுசாரித் தலைவர் டோபுய்ஸனை எச்சரிச்சுட்டு வந்தாங்க. இதெல்லாம் தெரியாம எல் சால்வடார், 1983லருந்து 1985னு மட்டும் படிச்சா அது ஏதோ சின்ன நாட்டு போஸ்டிங் மாதிரி தெரியும். வைட் வேலை போச்சு, அதே பிரச்சினையைக் கையாண்ட பிக்கரிங்குக்கு அடுத்து இஸ்ரேல் கிடைச்சது, ஏன்னு யோசிச்சா என் கணிப்பு என்னன்னா வாஷிங்டன்ல காத்து கொஞ்சம் திரும்பின நேரத்துல இவர் அங்க போய்ச் சேர்ந்தார், திறமை பாதி, நேரம் பாதி.

ரொம்பக் குறைஞ்ச காலம் இருந்த பதவியையும் விடாதீங்க. பிக்கரிங் டெல்லில ஒரு வருஷம் கூட முழுசா இல்ல, 1992லருந்து 1993 வரைக்கும்தான். அதுக்கு முன்னாடி என்னன்னு பாத்தா ஐ.நா., ஈராக் குவைத்துக்குள்ள புகுந்த 1990 ஆகஸ்ட் 2 அன்னிக்கே பாதுகாப்பு கவுன்சில்ல 660வது தீர்மானம், அங்கருந்து தீர்மானம் மேல தீர்மானமா போய் நவம்பர் 29ல படைபலத்துக்கு அனுமதி கொடுத்த 678, பன்னெண்டு ஓட்டு ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா நடுநிலை. அந்த மாசம் கவுன்சில் தலைமை அமெரிக்காகிட்ட இருந்ததால வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரே வந்து நாற்காலில உக்காந்தார், ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ஒவ்வொரு ஓட்டுக்கும் தாழ்வாரத்துல பேசி வேலை பாத்தது பிக்கரிங்கோட டீம். அப்பேர்ப்பட்ட இடத்துலருந்து டெல்லிக்கு மாத்துனப்போ, நியூயார்க்ல இவர் பேரு ரொம்ப அடிபடுதுன்னு வாஷிங்டனுக்குப் பிடிக்கலன்னு பத்திரிகைகள்ல பேச்சு வந்துச்சு. உண்மை எவ்வளவோ, ஆனா அதிபர் மாறின உடனே மாஸ்கோவுக்கு இழுத்துக்கிட்டாங்கங்கறது மட்டும் தேதியிலயே தெரியுது. மாஸ்கோ போன அந்த 1993லயே அக்டோபர்ல யெல்ட்சின் நாடாளுமன்றத்தை டாங்கி வெச்சு சுட்டாரு, அந்தக் கட்டிடம் அமெரிக்கத் தூதரகத்துக்குப் பக்கத்துலயே இருக்கு.

தூதர் இல்லாத வருஷங்கள்

பெரும்பாலானவங்க தாண்டிப் போற பகுதி இதுதான், எனக்குப் பிடிச்ச பகுதியும் இதுதான். பிக்கரிங் சேர்ந்தது 1959, தூதரானது 1974, பதினஞ்சு வருஷம் என்ன பண்ணாருன்னு பாருங்க. அறுபதுகள்ல சான்ஸிபார்ல கான்சல், அதாவது துணைத் தூதரகத்தோட தலைவர், புரட்சி நடந்து முடிஞ்ச தீவு, அப்புறம் தார் எஸ் சலாம்ல டிசிஎம், அதாவது தூதருக்கு அடுத்த ஆள், தூதரகத்தை தினசரி நடத்துறவர். ஸ்வாஹிலி பேசுவார். அப்புறம் வாஷிங்டன்ல அரசியல்-ராணுவ விவகாரப் பிரிவு, அதுக்கப்புறம் 1973ல எக்ஸிகியூட்டிவ் செக்ரட்டரி. பேரைக் கேட்டா ஆபிஸ் கிளார்க் மாதிரி இருக்கும், ஆனா வெளியுறவுச் செயலாளர் மேஜைக்குப் போற ஒவ்வொரு பேப்பரும் இந்த ஆள் ஆபிஸ் வழியாத்தான் போகணும், அங்கருந்து வர்ற ஒவ்வொரு உத்தரவும் இவர் வழியாத்தான் வெளிய போகணும். அவர் அங்க இருந்தப்போ செயலாளர் வில்லியம் ராஜர்ஸ் போய் கிஸ்ஸிங்கர் வந்தார், அடுத்த மாசமே 1973 அக்டோபர்ல அரபு-இஸ்ரேல் போர். அந்த இடத்துலருந்து நேரா 42 வயசுல ஜோர்டான் தூதர். அதுக்கப்புறம் அவர் பேருக்கு அறிமுகமே தேவைப்படல.

அதனால யாரோட பயோடேட்டாவை எடுத்தாலும் டிசிஎம், எக்ஸிகியூட்டிவ் செக்ரட்டரி, யாரோ ஒரு செயலாளருக்கு ஸ்பெஷல் அசிஸ்டண்ட் மாதிரி வார்த்தைகளை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. தூதர் இல்லாத நேரத்துல தூதரகத்தைப் பாத்துக்கறவரை சார்ஜ் த அஃபேர்ஸ்னு சொல்வாங்க, அது சில சமயம் தூதர் பதவியை விடப் பெரிய சோதனை. 1990ல பாக்தாத்ல தூதர் ஏப்ரில் க்ளாஸ்பி சதாமைச் சந்திச்சுட்டு லீவுல ஊருக்குப் போன நேரத்துலதான் குவைத் படையெடுப்பு, அங்க மாட்டிக்கிட்ட அமெரிக்கர்களை வெச்சுக்கிட்டு சமாளிச்சது டிசிஎம்மா இருந்த ஜோசஃப் வில்சன்.

இளம் வயசு வேலையும் முக்கியம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் முதல் ரெண்டு போஸ்டிங்ல ஒண்ணாவது விசா கவுண்டர்தான், ஒரு நாளைக்கு கூட்டம் கூட்டமா ஆளுங்களைப் பாத்து ஒவ்வொருத்தருக்கும் சில நிமிஷத்துல ஆமா இல்லன்னு சொல்ற வேலை. அப்புறம் மொழிப் பயிற்சி, அரபி, சீனம், ஜப்பானியம், கொரியம் மாதிரி மொழிக்கு 88 வாரம் வகுப்பு, அதாவது சம்பளத்தோட கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் படிப்பு மட்டும். பூஜ்யம் முதல் அஞ்சு வரைக்கும் மார்க், பேச்சுல 3 வாசிப்புல 3 எடுத்தா வேலைக்கு ஆகும்னு அர்த்தம். ரயன் க்ரோக்கர்னு ஒருத்தர் இருக்கார், லெபனான், குவைத், சிரியா, பாகிஸ்தான், ஈராக், ஆப்கானிஸ்தான்னு ஆறு இடத்துல தூதர், எங்க தீப்பிடிச்சாலும் அவரைத்தான் அனுப்புவாங்க, அவரோட அரபிக் கதை ஜோர்டான் பாலைவனத்துல பெதூயின்ங்கற நாடோடி மக்களோட ஆடு மேய்ச்சு பேசக் கத்துக்கிட்டதுலருந்து வருது. 1983 ஏப்ரல்ல பெய்ரூட் தூதரகத்துல வெடிகுண்டு வண்டி மோதி 63 பேர் செத்தப்போ அதே கட்டிடத்துல இருந்து தப்பிச்சவரும் அவர்தான்.

பதவிப் படிக்கட்டையும் தெரிஞ்சு வெச்சுக்கணும். கீழ எஃப்எஸ் ஆறுங்கற கிரேடுல (எஃப்எஸ்னா ஃபாரின் சர்வீஸ்) ஆரம்பிச்சு ஒண்ணு வரைக்கும், அதுக்கு மேல கவுன்சிலர், மினிஸ்டர் கவுன்சிலர், கேரியர் மினிஸ்டர், உச்சில கேரியர் அம்பாசடர். குறிச்ச காலத்துக்குள்ள மேல ஏறலன்னா வீட்டுக்குப் போகணும், ராணுவம் மாதிரியே. கேரியர் அம்பாசடர்ங்கறது நாடு சம்பந்தப்பட்ட பதவி இல்ல, ரேங்க், 1955ல சட்டம் போட்டு அடுத்த வருஷம் முதல் நாலு பேருக்குக் கொடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைச்சிருக்கு. பிக்கரிங்குக்கும் இருக்கு, க்ரோக்கருக்கும் இருக்கு.

அவங்க எழுதுனதைப் படிங்க

இனிமேதான் சுவாரஸ்யம். தூதர் என்ன பேசுனாருன்னு பேப்பர்ல வரும், என்ன நினைச்சாருன்னு கேபிள்லதான், அதாவது தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பற அலுவல் தந்திலதான் இருக்கும். 1973லருந்து 1979 வரைக்கும் இருக்கிற கேபிள் லட்சக்கணக்குல தேசிய ஆவணக் காப்பக வெப்சைட்லயே தேடலாம், பிக்கரிங்கோட ஜோர்டான் காலம் அப்படியே அதுக்குள்ள வருது. அதை விடப் பழசுக்கு ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்ங்கற அரசாங்க வரலாற்றுத் தொகுதிகள், 1861லருந்து போட்டுட்டு வர்றாங்க, எல்லாம் இலவசம். 2010லருந்து விக்கிலீக்ஸ் விட்ட ரெண்டரை லட்சம் கேபிளும் இருக்கு.

ஒரு கேபிளைப் பக்கத்துல வெச்சுப் பாப்போம், 08 மாஸ்கோ 265. முதல் ரெண்டு எண் வருஷம், அப்புறம் அனுப்பின ஊரு, கடைசி எண் அந்த வருஷத்துல அந்த ஊருலருந்து போன எத்தனையாவது கேபிள்ங்கறது. தேதி 2008 பிப்ரவரி 1. ஒரு மாசத்துல 265 கேபிள், அப்போ வாஷிங்டன்ல இதை யாராவது படிக்கணும்னா தலைப்பே அடிச்சுத் தூக்கணும், அதனாலதான் நியெட் மீன்ஸ் நியெட்னு தலைப்பு வெச்சிருக்காங்க. தலைப்புக்குக் கீழ யாரு ரகசியமாக்குனாங்கன்னு வரி, தூதர் வில்லியம் பர்ன்ஸ். அதுக்குக் கீழ சுருக்கம், ஒவ்வொரு பத்திக்கும் நம்பர். விஷயம் என்னன்னா உக்ரைனை நேட்டோவுல சேர்க்கிறதை ரஷ்யா வெறும் வாய்ச் சவடாலா எதிர்க்கல, உக்ரைன் ரெண்டா பிளந்து உள்நாட்டுச் சண்டை வரும்னும் அப்போ தலையிடறதா வேணாமான்னு தாங்க முடிவெடுக்க வேண்டி வரும்னும் அவங்க பயப்படறாங்கன்னு எழுதியிருக்கு. ரெண்டு மாசத்துல புக்கரெஸ்ட் மாநாட்டுல உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒரு நாள் உறுப்பினராகும்னு நேட்டோ அறிவிச்சது. கேபிள் தோத்துச்சு, எழுதுன ஆளு தோக்கல, பர்ன்ஸ் அதே வருஷம் அண்டர் செக்ரட்டரி ஆனார், அப்புறம் துணைச் செயலாளர், 2021ல சிஐஏ இயக்குநர்.

இங்க ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் விழற பொறி. தூதரகத்துலருந்து போற எல்லாக் கேபிளும் தூதர் பேருலதான் முடியும், விசா எண்ணிக்கை பத்துன கேபிளா இருந்தாலும் சரி, யாரோ ஒரு ஜூனியர் எழுதுனதா இருந்தாலும் சரி, தூதர் ஊருல இல்லன்னா சார்ஜ் பேரு. அதனால அடில பிக்கரிங்னு இருக்கேன்னு அவரே உக்காந்து டைப் பண்ணாருன்னு மேற்கோள் காட்டிடாதீங்க. சந்திப்புல தூதர் நேர்ல இருந்தாரா, கடைசில கமெண்ட்னு வர்ற பத்தில யாரோட குரல் கேக்குது, இதை வெச்சுத்தான் ஓரளவு கணிக்கலாம்.

தன் பேருல போன கேபிளே ஒருத்தரைக் கவுத்த கதையும் உண்டு. 1971 ஏப்ரல் 6, டாக்கா கான்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட், கிழக்குப் பாகிஸ்தான்ல ராணுவம் செய்யற படுகொலையை அமெரிக்கா கண்டுக்காம இருக்கேன்னு அவர் ஆபிஸ்ல இருபது பேர் கையெழுத்துப் போட்டு எழுதுன எதிர்ப்புக் கேபிளை, நானும் இதை ஆதரிக்கிறேன்னு ஒரு குறிப்போட அனுப்புனார். நிக்ஸனும் கிஸ்ஸிங்கரும் கொதிச்சுப் போய் அவரை டாக்காலருந்து எடுத்துட்டாங்க. அதே வருஷம் அமெரிக்க ஃபாரின் சர்வீஸ் சங்கம் அவருக்கு விருது கொடுத்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் அவர் தூதர் ஆகவே இல்ல. பிக்கரிங் பட்டியலைப் படிக்கறப்போ பிளட் மாதிரி பட்டியலே இல்லாதவங்களையும் பக்கத்துல வெச்சுப் படிச்சாதான் கணக்கு நேராகும், ஏன்னா நீண்ட கேரியர் வேணும்னா எங்க பேசணும் எங்க பேசாம இருக்கணும்னு அளந்து வெச்சிருக்கணும், அந்த அளவு யாரோட பயோடேட்டாலயும் எழுதியிருக்காது.

அடுத்தது வாய்மொழி வரலாறு. ஏடிஎஸ்டின்னு ஒரு அமைப்பு 1986லருந்து ரிட்டயர் ஆன தூதரக அதிகாரிங்களை உக்கார வெச்சு பேட்டி எடுத்து அப்படியே எழுத்துல போடறாங்க, ஆயிரக்கணக்குல இருக்கு, பெரும்பாலும் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் கென்னடி கேள்வி கேப்பார், அவரும் பழைய ஃபாரின் சர்வீஸ் ஆளு, அதனால சின்னச் சின்ன ஆபிஸ் விஷயமெல்லாம் விடாம தோண்டுவார். படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, பேட்டி கொடுத்தவரே டைப் ஆனதை வாங்கித் திருத்திக் கொடுப்பார், அதனால சொந்தக் கதைல அவங்கவங்க கொஞ்சம் அழகாத்தான் இருப்பாங்க. தந்திரம் என்னன்னா தூதர் பேட்டியை முதல்ல படிக்காதீங்க. அதே நேரத்துல அதே தூதரகத்துல வேலை பாத்த அரசியல் அதிகாரி, பொருளாதார அதிகாரி, கான்சுலர் ஆளு பேட்டியைப் படிங்க, நாடுவாரியா தொகுத்தே வெச்சிருக்காங்க. காலைல மீட்டிங் எப்படி நடத்துவார், கேபிளைத் திருத்தறப்போ எதை வெட்டுவார், ஜூனியர் எதிர்த்துப் பேசினா என்ன பண்ணுவார், இதெல்லாம் கீழ இருக்கறவங்கதான் சொல்வாங்க.

ரிட்டயர்மெண்ட்டுக்கு அப்புறமும் ஒரு கண்ணு வெச்சிருங்க. கேரியர் ஆளுங்களுக்கு பொதுவா 65 வயசுல கட்டாய ஓய்வு. பிக்கரிங் போயிங்ல சர்வதேச உறவுகளுக்கு சீனியர் வைஸ் பிரசிடெண்ட் ஆனார், 2012ல லிபியாவோட பெங்காசி ஊருல அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்டப்போ விசாரணைக் குழுவுக்கு இவரைத்தான் தலைவராப் போட்டாங்க, துணைக்கு அட்மிரல் மைக் மல்லன். அந்த அறிக்கையோட பகிரங்கப் பகுதி நெட்லயே இருக்கு, ஸ்டேட் டிபார்ட்மெண்ட்டுக்குள்ள மேல்மட்டத்துல இருந்த குறைகளை நேரா சொல்லியிருக்கு, ஆனா அதுக்கும் மேல இருக்கிறவங்களை ஏன் விட்டீங்கன்னு காங்கிரஸ்ல சிலர் அவரையே துளைச்சு எடுத்தாங்க.

ஒரு ஆளை நீங்களே எடுத்துப் பண்ணிப் பாக்கணும்னா பேப்பர்ல நடுவுல ஒரு கோடு போடுங்க, இடது பக்கம் அவர் இருந்த இடமும் தேதியும், வலது பக்கம் அதே மாசத்துல அந்த நாட்டுலயும் வாஷிங்டன்லயும் நடந்தது. ஆரம்பத்துக்கு க்ரோக்கர் வேணாம், போர் மேல போரா இருக்கும், தல சுத்திடும். பிக்கரிங்கோட ஜோர்டான் நாலு வருஷத்தை மட்டும் எடுங்க, கேபிள் இருக்கு, பேட்டி இருக்கு, வரலாற்றுத் தொகுதியும் இருக்கு, மூணும் ஒரே சந்திப்பைப் பத்திப் பேசற இடம் ஒண்ணாவது மாட்டும், அதுல எது எதோட ஒத்துப்போகலன்னு பாருங்க.